குறை சொல்லாத கடை

போன சனிக்கிழமை குமரி மாவட்டத்தில், புதுக்கடை என்கிற ஊரில் ஒரு பேக்கரியை மூடினார்கள். திறப்பு விழாவுக்குக் கூப்பிடுவார்கள், போயிருக்கிறேன். மூடுகிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டவன் எட்வின் ஒருத்தன்தான்!

எட்வின் என்னோடு பள்ளியில் படித்தவன். கத்தாரில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு வந்து பேக்கரி போட்டான். நல்ல மனுஷன். தினமும் ஷட்டரைத் தூக்கியதும் பாட்டு, ஜெபம், பிறகு வேலை செய்கிற ஒவ்வொருவரும் ஒரு சாட்சி சொல்லவேண்டும் — முந்தின நாள் கிடைத்த நன்மைக்கு ஒரு நன்றி. எனக்கே அது பிடிக்கும். கடையும் ஓஹோவென்று ஓடியது.

பிறகு கொட்டாரத்தில் ஒரு கிளை திறந்தான். இங்கே சுட்டதை வேனில் ஏற்றி அங்கே விற்பது என்று முடிவு. அது மாவட்டத்தின் மறுகோடி! வெயிலையும் டிராஃபிக்கையும் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பப்ஸ் நமுத்துப்போகும். ஒருமுறை வாங்கியவர் மறுபடி வருவாரா?

கடையில் எல்லாருக்கும் இது தெரியும். கல்லாவில் இருந்த எங்கள் தெரு ஜெபா ஒருநாள் காலை ஜெபத்தில் சொல்லியேவிட்டாள்.

"கொட்டாரத்துக்குப் போற பப்ஸ் பாதியும் திரும்பி வருது சார். அங்கயே ஒரு ஓவன் போட்டா என்ன?"

எட்வின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்க அவிசுவாசத்த மன்னியும்" என்று எல்லார் முன்னாலும் ஜெபித்தான்.

அதற்குமேல் யார் வாய் திறப்பார்கள்? வேன் பஞ்சராகாததற்கு டிரைவர் நன்றி சொன்னார். பப்ஸைப் பற்றி மூச்சு இல்லை. கொட்டாரம் இழுத்த இழுப்பில் புதுக்கடையும் சேர்ந்து போயிற்று.

எட்வினை மட்டும் ஏன் சொல்லவேண்டும்? 'பாசிட்டிவா பேசுங்க' என்று ஏசி ரூமில் சொல்கிற மேனேஜர்கள் என்ன செய்கிறார்களாம்? முதலாளியின் காதுக்கு இனிப்பதைச் சொன்னால் அதற்கு நம்மூரில் மரியாதை என்று பெயர். இது மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை...

சனிக்கிழமை கடைசி ஜெபம். கண்ணாடி அலமாரிகள் காலி. எட்வின் எல்லாரையும் பார்த்துக் கேட்டான்.

"மக்கா, எங்க தப்பாப்போச்சுன்னு இப்பமாவது சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

அவன் ஜெபாவைப் பார்த்தான். அவள் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இதுவரைக்கும் இந்த வேலையத் தந்ததுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

வெளியே வந்ததும் அவளிடம் கேட்டேன்: "ஏட்டி, கடைதான் போச்சே... இன்னிக்காவது சொல்லியிருக்கப்பிடாதா?"

"இனி வேற கடையில வேல கேட்டுப் போணும் அண்ணே. அவிய சார்கிட்டதானே என்னப் பத்தி விசாரிப்பாவ?"

கடைக்குப் பூட்டுப் போட்டது போன சனிக்கிழமைதான். வாய்க்கு எப்போதோ போட்டாயிற்று.