காஷ்மீர் என்று சொன்னோம்

போன ஆடியில் எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் சேர்ந்து பஞ்சாயத்து ஆபீஸ் எதிரில் ஒரு கல் வைப்பது என்று முடிவு செய்தார்கள். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரும் உயிர்விட்ட இடமும் அதில் இருக்கும். முதல் உலகப் போருக்குப் போனவர்களில் தொடங்கி என் அண்ணன் வரைக்கும். கிளியனூரில் நான் வைத்திருக்கும் தையல் கடைக்கே பட்டியலோடு வந்து நின்றார், அவர்களில் ஒருவரான மிலிட்டரி மாமா.

"காஷ்மீர்ல எந்த எடம்மா? கல்லு அடிக்கிறவன் பேஜார் பண்ணிக்கினு இருக்கான். ஜல்தியா சொல்லு."

"பேப்பரத் தேடிப் பாத்துட்டுச் சொல்றேன் மாமா" என்றேன். தேட ஒன்றுமில்லை. அண்ணன் காஷ்மீரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவன் செத்தது யாழ்ப்பாணத்தில், இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனபோது.

பொய்யை ஆரம்பித்தவர் அப்பா. உடம்பு வரவில்லை, சாம்பலும் ஒரு இரும்புப் பெட்டியும் வந்தன. கூட வந்த சிப்பாய்க்கு இந்தியைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது, அதனால் எங்கே செத்தான் என்பது ஊருக்குத் தெரியவில்லை. அப்போது எங்கள் ஊர்ச் சுவரெல்லாம் ஈழத்துக்கு ஆதரவாக எழுதியிருந்தது. பட்டாளத்தில் சேர்வதற்கு முன்னால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஈழத்துக்காக உண்டியல் குலுக்கியவன்தான் அண்ணனும். அந்த ஊரில் நின்றுகொண்டு, "என் பிள்ளை அங்கே போய்ச் சண்டை போட்டுச் செத்தான்" என்று அப்பா எந்த வாயால் சொல்வார்? கேட்டவர்களிடம் "காஷ்மீரு" என்றார். பதினைந்து வயதில் நானும் "காஷ்மீரு" என்றேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அதையே சொன்னேன்.

ஊருக்குப் பயந்து என்றால் இன்றைக்குச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இத்தனை வருஷம் கழித்து எவன் கேட்கப்போகிறான்? என் பயமெல்லாம் கடையில் எதிர் மிஷினில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றித்தான்.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி. அகதி முகாமிலிருந்து பஸ் மாறி வந்து, பதினெட்டு வருஷமாக என்னோடு தைக்கிறாள். இந்திய ராணுவம் அங்கே இருந்த நாட்களில், சந்தைக்குப் போன அவள் தம்பியைச் சுட்டுவிட்டார்கள். "இந்தியன் ஆமி" என்று அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். எனக்கு மனசு நோகக் கூடாதாம். சுவரில் மாட்டியிருக்கும் அண்ணன் படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைப்பவளும் அவள்தான். அவள் பூ வைக்கும்போதெல்லாம் நான் மிஷின் மேல் குனிந்துகொள்வேன். அவளிடமும் காஷ்மீர் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க நான் நானாக இல்லை. ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தொலைத்தேன். கேட்க வந்த பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். லைனிங் துணி எடுக்க விழுப்புரம் போய், கடை வாசல் வரை நடந்து, வெறுங்கையோடு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன். மாமா போன் போட்டுக் கத்தினார்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா? நாளைக்கு எழுத்து வெட்றான். நீ சொல்லலன்னா காஷ்மீர்னு மட்டும் போட்டுடறேன்."

போட்டுவிடட்டுமே என்று ஒரு மனசு. அடிப் பாவி, செத்த இடத்தைக்கூட அவனுக்குக் கொடுக்க மாட்டாயா என்று இன்னொரு மனசு. போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணன் காஷ்மீர்ல சாவல. உங்க யாழ்ப்பாணத்துலதான் செத்தான். இத்தினி வருஷமா உங்கிட்ட பொய் சொல்லிக்கினு இருந்துட்டேன்." ஒரே மூச்சில் கொட்டினேன்.

ஊசி நின்றது. நிமிர்ந்து அண்ணன் படத்தைப் பார்த்தாள்.

"அவர் சமையல் வேலையோ, துவக்குப் பிடிச்சவரோ?"

சமையல் என்று சொல்லிவிட நாக்கு தவித்தது, கடவுளே! எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும்.

"துப்பாக்கிதான்" என்றேன்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ரவிக்கையை மடித்து வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மணி இரண்டுதான் ஆகியிருந்தது. ஆறு மணிக்கு முன்னால் அவள் ஒருநாளும் கிளம்பியதில்லை.

"என்னத் திட்டிட்டாவது போயேன்" என்றேன்.

வாசலில் நின்றாள். திரும்பவில்லை.

"கல்லில யாழ்ப்பாணம் எண்டே போடச் சொல்லுங்கோ அக்கா. எங்கட தம்பிக்கு ஒரு இடத்திலயும் கல் இல்லை. அவன் செத்த ஊரின்ர பேராவது ஒரு கல்லில கிடக்கட்டும். திறக்கிற அண்டைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதைங்கோ. நான் அழுதுபோடுவன். ஆருக்கு அழுறாய் எண்டு கேட்டா, நான் என்ன சொல்ல?"