செருப்போடு உள்ளே வரவும்

நம் கையெழுத்துப் பத்திரிகையில் பயணக் கட்டுரை என்றால் திருப்பதி, குற்றாலம், மிஞ்சிப்போனால் மாமல்லபுரம். நான் எழுதப்போவது ஆவடிப் பக்கம் திருட்டுத்தனமாக நடக்கும் ஒரு குடி அறையைப் பற்றி. படித்ததும் பத்திரிகையை அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டில் போட்டுவைக்காதீர்கள். ஊரைத் தவிர மற்ற அடையாளமெல்லாம் மாற்றியிருக்கிறேன்.

போன காரணம் என் மச்சான் கன்னியப்பன், என் மனைவியின் தம்பி. எழும்பூரில் ஒரு துரை பங்களாவில் பட்லர். சாயங்காலமானால் ஜின்னும் எலுமிச்சையும் கலந்து, ஐஸ் போட்டு, தட்டில் வைத்து நீட்டுவது அவன் வேலை. வெள்ளைக்காரர் கிளப்பில் நம்மவர் நுழைவது கிளாஸ் கழுவத்தான்.

"ஒரு தபா மாமே, ஒரே தபா. நான் நாற்காலில குந்திகினு இருக்கணும். வேற யாராச்சும் எனக்குக் கலந்து எடுத்துகினு வரணும்" என்று மாதக்கணக்காக என் பிராணனை வாங்கினான்.

என்னைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. யுத்தம் வந்த பிறகு நகரத்துக் கடைகளில் சீமைச் சரக்கு கண்ணில் படுவதில்லை. எல்லாம் ஆவடிப் பட்டாள முகாமில் வந்து இறங்குகிறது. அதில் கொஞ்சம் பின்வாசல் வழியாகக் கசிகிறது. நான் அந்த முகாமின் கிடங்கில் குமாஸ்தா. கசிவது எங்கே போகிறதென்று காதில் விழும், அதோடு நிறுத்திக்கொண்டவன். அங்கே போய்ப் பிடிபட்டால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. எனக்கு மூன்று பெண்கள். இதையெல்லாம் சொன்னேன். என் மனைவி, "தம்பி ஆசையா கேக்கறான்ல?" என்றாள். தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி பாசஞ்சரில் சென்ட்ரலிலிருந்து கிளம்பினோம். முதலில் அம்பத்தூரில் இறங்கினோம். அங்கே ஒரு தையல்கடையின் திரைக்குப் பின்னால் ஓர் அறை உண்டென்று கேள்வி. தையற்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிஜமாகவே என் மார்பளவை எடுக்க ஆரம்பித்தார். திரைக்குப் பின்னால் இன்னொரு தையல் மிஷின்தான் இருந்தது. அம்பத்தூர் தண்டம், நீங்கள் இறங்க வேண்டாம்.

அங்கிருந்து ஜட்கா பிடித்தோம். நாலு மைல், பத்தணா கேட்டார், எட்டுக்கு வந்தார். வழியெல்லாம் பட்டாள லாரிகள். ஒவ்வொன்று கடக்கும்போதும் நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். ஜட்காக்காரர் சிரித்தார்.

"சோடாக் கம்பெனிக்குத்தானே சாமி? மூஞ்ச மூடிகினு போனா தெரியாதவனுக்கும் தெரிஞ்சிபூடும். ஒண்ணு சொல்றேன், செருப்ப வாசல்ல வுடாதீங்க. கையில எடுத்துகினு உள்ள போங்க. சோடா வாங்க வந்தவன் எதுக்குச் செருப்பு கழட்டுவான்னு ஏட்டு கேப்பாரு."

பருத்திப்பட்டு ஏரிக்குப் போகும் ரோட்டில் தனியாக நிற்கிறது அந்த ஓட்டுக் கட்டடம். முன்னறையில் கோலி சோடா மிஷின், சாமி படம், ஏற்றிவைத்த விளக்கு. நடத்துகிறவள் அஞ்சலை, முப்பது வயதிருக்கும். புருஷன் முனுசாமி பட்டாளத்து லாரி டிரைவராகப் பர்மாவுக்குப் போனவன். ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்ததிலிருந்து ஒரு சேதியும் இல்லை. இதுவும் ஜட்காக்காரர் சொன்னதுதான்.

பின்னறையில் நாலு பேர் சோடாப் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் செருப்பு அவரவர் பக்கத்தில். ஒருவரை எங்கள் ஆபீஸில் பார்த்ததுபோல இருந்தது, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். இருந்த ஒரே நாற்காலியில் மச்சான் உட்கார்ந்தான். அஞ்சலை ஜின்னில் நன்னாரியும் எலுமிச்சையும் விட்டு, சோடாவை உடைத்து ஊற்றி, ஒரு தட்டில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்க அண்ணாத்தே."

அவன் உடனே எடுக்கவில்லை. கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிவிட்டது. ஒரு வாய் குடித்து, "நம்ம கைய வுட நல்லா கீது மாமே" என்றான். அப்போதுதான் அவன் காலைப் பார்த்தேன். வெறுங்கால். பக்கத்திலும் ஒன்றுமில்லை. ஐயோ, பாவி! பங்களாவில் பின்வாசலில் செருப்பை விட்டுவிட்டு நுழைந்து நுழைந்து பழகிய கால். துரை மாதிரி உட்கார வந்தவன் பட்லர் மாதிரியே நுழைந்திருக்கிறான்.

நான் எழுவதற்குள் வெளியே சைக்கிள் மணி.

"இன்னா அஞ்சல, ஆம்பள செருப்பு கீது வாசல்ல? யாருது?"

ஏட்டு. அஞ்சலை முன்னறைக்குப் போனாள். என் மூன்று பெண்களின் முகங்களும் வந்து போயின. பிறகு அவள் சொன்னாள்:

"உன் கூட்டாளிதான் வந்துகீறாரு அண்ணாத்தே."

"யாரு, முனுசாமியா? அடி என் தங்கச்சி! எப்போ? கூப்புடு, மூஞ்சிய பாக்கறேன்!"

"மத்தியானம் வந்தாரு. ஒடம்பு நெருப்பா கொதிக்குது, தூங்கறாரு. நாளைக்கு வந்து பாரு."

"தூங்கட்டும், தூங்கட்டும். நான் போயி அவன் ஆயா கையில சொல்லிட்டு வந்துடறேன். பெத்த வயிறு எப்படிக் குளுரும்!"

"வேணாம் அண்ணாத்தே, நானே..." என்று அவள் ஓடினாள். சைக்கிள் போய்விட்டது.

திரும்பி வந்து எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செருப்பை மச்சான் கையில் கொடுத்து, "ஏரிக்கர வழியா போயிடுங்க. என் மாமியா ஓடியாரும்" என்றாள். கிளாஸ் பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

ஏரிக்கரையில் இருட்டத் தொடங்கியிருந்தது. ரோட்டைச் சுற்றாமல் குறுக்கு வழியில் எதிரே ஓர் அம்மாள் மூச்சிரைக்க வந்தாள். கையில் தட்டு, மஞ்சள், சுண்ணாம்பு, கற்பூரம். ஆரத்தி எடுக்க.

"நைனா, சோடாக் கம்பெனி பக்கத்துலேர்ந்தா வர்றீங்க? எம்புள்ளைய பாத்தீங்களா?"

நான் மச்சான் கையை அழுத்தினேன். வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. அவன் என் கையை உதறினான்.

"அம்மா, வாசல்ல கிடந்தது என் செருப்பும்மா. உங்க புள்ள வர்ல. அந்தம்மா எங்களக் காப்பாத்தறதுக்குச் சொல்லிச்சு."

அவள் தட்டைப் பார்த்தபடி நின்றாள். அவள் கத்துவாள், ஊர் கூடும், ஏட்டு வருவார் என்று நான் ஓடுவதற்குத் தயாராக நின்றேன், வெட்கக்கேடு. அவள் முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

"ஏட்டு இந்நேரம் ஊரெல்லாம் சொல்லிருப்பான். நான் போவலன்னா எம்மருமவ பேரு இன்னா ஆவும்?" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "அந்தச் செருப்ப இங்க குடு. வாசல்ல கிடக்கணுமில்ல."

ஒரு கையில் தட்டு, ஒரு கையில் செருப்பு. வந்த வேகமில்லாமல் சோடாக் கம்பெனியை நோக்கி நடந்தாள். நாங்கள் கரை இறங்கும்போது அந்தப் பக்கம் கற்பூரம் எரிந்தது தெரிந்தது. மச்சான் ஸ்டேஷன் வரை வெறுங்காலோடு நடந்தான்.

பிறகொரு நாள் ஜட்காக்காரர் ஊர்ப் பேச்சைச் சொன்னார்: முனுசாமிக்கு லீவு இல்லையாம், விடிவதற்குள் பட்டாள லாரியில் திரும்பிவிட்டாராம். ஏட்டுக்குப் பார்க்க முடியாத வருத்தமாம்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஆவடியிலேயே இறங்குங்கள். ஸ்டேஷனிலிருந்து ஜட்காவுக்கு நாலணா போதும். இருட்டுவதற்குள் திரும்புங்கள். நன்னாரி போட்டதைக் கேளுங்கள். உங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். வாசலில் ஒரு ஜோடி எப்போதும் கிடக்கும், பழைய தோல் செருப்பு. அதைத் தாண்டிப் போங்கள். யாருடையதென்று அஞ்சலையிடம் கேட்காதீர்கள். உங்களை யாராவது கேட்டால், வீட்டுக்காரருடையது, திரும்பி வரும்போது போட்டுக்கொள்வார் என்று சொல்லுங்கள்.