மூன்று பேர் படுக்கும் மெத்தை

ஒரே கட்டிலில் மூன்று பேர் படுக்கும்போது மெத்தை யாருடைய உடம்புக்குப் பொருந்த வேண்டும்? அம்மாவின் இடுப்புக்கா, அப்பாவின் முதுகுக்கா, பத்து மாதக் குழந்தையின் மூச்சுக்கா? நாற்பது நாளாக யோசிக்கிறேன். காலையில் ஒரு பதில் சரியென்று தோன்றுகிறது. துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் அது தப்பாகிவிடுகிறது.

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து புனே வந்து மூன்று வருடம் ஆகிறது. ஹடப்சரில் வாடகை வீடு. கணவருக்கு ஊருக்கு வெளியே சாகணில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். வீட்டுக்காரர் கட்டிலோடு சேர்த்து ஒரு மெத்தையும் விட்டுப் போயிருந்தார். மெல்லியது, பலகை மாதிரி கெட்டி. கல்யாணமான புதிதில் அதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. அவளுக்குப் பால் கொடுக்க நான் இடது பக்கமாகவே ஒருக்களித்துப் படுப்பேன். அவள் தூங்கினாலும் அசையப் பயந்து அப்படியே கிடப்பேன். ஐந்தாவது மாதத்தில் இடது இடுப்பில் பிடித்த வலி, ஆறாவது மாதத்தில் தொடைக்கு இறங்கியது. காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது கால் மடங்கிவிட்டது. விழவில்லை, கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க அவளை நின்றபடி தூக்கவே இல்லை.

பிசியோதெரபி செய்கிற பெண்மணி ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்: "நீங்க பக்கவாட்டுல படுக்கறவங்க. தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ள இறங்கணும், நடுமுதுகுக்குக் கீழே தாங்கணும். மெத்தைய மாத்துங்க."

இறங்கவும் வேண்டும், தாங்கவும் வேண்டும். அது என்ன மெத்தை என்று ஒரு வாரம் படித்தேன். நான் எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். படித்து முடித்த பிறகு, படிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும். ஹைப்ரிட் என்று ஒரு வகை. அடியில் ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பைக்குள். மேலே மூன்று நான்கு அங்குலத்துக்கு மிருதுவான ஃபோம். ஸ்பிரிங் தாங்கும், ஃபோம் இறங்கும். அதிலும் கெட்டி, நடுத்தரம், பிளஷ் என்று உண்டு. பிளஷ் என்றால் ரொம்ப மிருது. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு அதுதான் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். ஆறே மாதத்தில் குழி விழுந்துவிடும் என்று மீதிப் பேர்.

"நேர்ல போய்ப் படுத்துப் பாத்துறலாம்," என்றார் கணவர். "படிச்சுட்டே இருந்தா பாப்பாவுக்குக் கல்யாணமே ஆயிரும்."

ஒரு சனிக்கிழமை மாலை கடைக்குப் போனோம். சாலையைப் பார்த்து முழுக்கக் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம்; இருபது பேராவது நின்றிருப்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையாகக் கட்டில்கள், வெள்ளை வெளேரென்ற மெத்தைகள். கடைக்காரர் இந்தியில் மிகவும் மரியாதையாகப் பேசினார். செருப்பைக் கழற்றிவிட்டு சாவகாசமாகப் படுங்கள், பதினைந்து நிமிடம் படுங்கள், எப்படித் தூங்குவீர்களோ அப்படியே படுங்கள் என்றார்.

எப்படித் தூங்குவேனோ அப்படி நான் எப்படிப் படுப்பது? நான் தூங்குவது ஒருக்களித்து, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கி, ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டி. பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா வெண்டைக்காய்ப் பையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, பாதம் மெத்தையில் படாமல் வெளியே நீட்டி, மல்லாந்து படுத்தேன். கையை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். எழுந்துவிட்டேன்.

"எப்படி இருக்கு?" என்றார் கணவர்.

"நல்லாத்தான் இருக்கு. நீங்க படுத்துப் பாருங்க."

கடைக்காரர் குறுக்கே வந்தார். "சார், ரெண்டு பேரும் சேர்ந்து படுத்துப் பார்க்கணும். ஒருத்தர் படுத்தா ஒண்ணும் தெரியாது."

கணவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடுப்பிலிருந்த மகளை மறுபக்க இடுப்புக்கு மாற்றினார். "நோ நோ, ஒன் பை ஒன்," என்றார். கடைக்காரர் மறுபடி சொன்னார். "பேபி இருக்கு, யாராவது பிடிக்கணும்ல," என்று இவர் சமாளித்தார். குழந்தையை நான் பிடித்துக்கொண்டேன், அவர் படுத்தார். அவரும் மல்லாந்துதான், கையைக் கட்டிக்கொண்டுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஊர்க்காரத் தம்பதி ஒன்று பக்கத்துக் கட்டிலில் சேர்ந்தே படுத்து, புரண்டு, எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. எங்களால் அது முடியவில்லை. கல்யாண வீட்டில்கூட ஒரே சோபாவில் ஒட்டி உட்கார மாட்டோம்.

பிறகு கடைக்காரர் ஒரு படிவத்தைத் திறந்து கேள்வி கேட்டார். எத்தனை பேர் படுப்பீர்கள்? இரண்டு என்றேன். குழந்தை? "அவளுக்குத் தனி கட்டில் இருக்கு," என்றேன். பொய் இல்லை. நாலு பக்கமும் கம்பி வைத்த மரத்தொட்டில் ஒன்று வீட்டில் உண்டு. அதில் மடிக்காத துணி கிடக்கும். மகள் பிறந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில்தான் படுக்கிறாள். ஆனால் குழந்தையைத் தனியாகப் படுக்க வைக்க வேண்டும் என்று அத்தனையும் படித்த ஒருத்தி, முன்பின் தெரியாதவரிடம் இதை எப்படிச் சொல்வாள்? இரண்டு பேருக்கான பிளஷ் ஹைப்ரிட்டை எழுதிக்கொண்டு, நூறு நாள் சோதனைக் காலம் உண்டு, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பினார்.

மெத்தை வந்தது. பத்து அங்குல உயரம். கட்டிலில் ஏறும்போது பஸ்ஸில் ஏறுவது போல இருந்தது. இதையும் உள்ளபடி எழுத வேண்டும்: இரண்டாவது வாரத்தில் என் இடுப்புவலி பாதியானது. நான்காவது வாரத்தில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். மகளைத் தூக்கி நின்றேன், குளிப்பாட்டினேன், லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாளில் பதினொன்றாவது மாடி வரைக்கும் நின்று நின்று ஏறியும் வந்தேன். அந்த மெத்தையை நினைத்து அப்போது எனக்குக் கண் கலங்கியது உண்டு. அம்மாவுக்குப் போனில் சொன்னபோது, "மெத்தைக்குப் போயி அழுவாங்களா கண்ணு," என்று சிரித்தார்.

இன்னொரு சந்தோஷமும் இருந்தது. பழைய மெத்தையில் மகள் வைத்த இடத்தில் கிடப்பாள். புதிய மெத்தையில் நான் கண் விழிக்கும்போதெல்லாம் ஒன்று என் மார்போடு ஒட்டியிருப்பாள், இல்லாவிட்டால் அவள் அப்பாவின் முதுகோடு. "பாருங்க, தூக்கத்துல கூட நம்மளத் தேடி வர்றா," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் படுத்திருந்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லாந்து, வாயை லேசாகத் திறந்து, அசையாமல் தூங்கினாள். கணவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் பக்கம் மெத்தை இறங்கியது. மகள் கையைக் காலை அசைக்காமல், ஒரு பொட்டலம் சரிவது போல, மெதுவாக அவர் பக்கம் உருண்டு போனாள். முகம் அவர் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் பதிந்தது.

நான் அவளை இழுத்த வேகத்தில் அவள் வீறிட்டு அழுதாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அவளை வெகுநேரம் மார்போடு இறுக்கிக்கொண்டிருந்தேன்.

கணவர் எழுந்து உட்கார்ந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, சமையலறையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தார். எஞ்சினியர், எதையும் சோதிக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். மகளை ஹாலில் தரையில் விளையாட விட்டு, கதவைத் திறந்து வைத்தபடி, பாட்டிலை மெத்தை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கம் படுத்தோம். பாட்டில் அவர் பக்கம் உருண்டது. அவர் தள்ளிப் படுத்தார். என் பக்கம் உருண்டது. ஐந்தாறு தடவை செய்தார். பிறகு ஒவ்வொருவராகப் படுத்தும் பார்த்தோம்.

"ஒருத்தர் மட்டும் படுத்தா உருள மாட்டேங்குதுங்க," என்றேன்.

"ஆமா. ரெண்டு பேரும் படுத்தாத்தான் நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் சரிவு." பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார். "கடைக்காரன் அப்பவே சொன்னான்."

"நான் வேண்டாம்னு சொல்லலீங்க. நீங்கதான் ஒன் பை ஒன்."

"நீ மட்டும் என்ன, மல்லாக்கப் படுத்து ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சுட்டே. வீட்ல என்னிக்காச்சும் மல்லாக்கப் படுத்திருக்கியா?"

அவர் சொன்னது சரிதான்.

குழந்தைகள் டாக்டரிடம் கேட்டேன். சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "படிச்சவங்க நீங்க. ஒரு வயசுக்குள்ள மெத்துமெத்துன்னு எதிலயும் படுக்க வைக்கக் கூடாது. தனி இடம், கெட்டியா, சமமா. தலையணை வேண்டாம், பொம்மை வேண்டாம். பழைய மெத்தைலயும் நடுவுல போட்டது தப்புதான்." அவள் பிறந்ததிலிருந்தே தப்பாகச் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடந்தது பெரிதா, நடக்காமல் போனது பெரிதா என்று யோசித்துக்கொண்டே ஆட்டோவில் வீடு வந்தேன்.

அன்றே தொட்டிலில் இருந்த துணியை எல்லாம் எடுத்தேன். மகள் தொட்டிலில் பத்து நிமிடம் இருப்பாள். பிறகு கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, வெளியே கை நீட்டி அழுவாள். நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்து, கம்பிக்கு நடுவே கையை விட்டால் என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். விரலை எடுத்தால் எழுந்துவிடுவாள். ஆக ஒரு மாதத்துக்கு மேலாக நான் தரையில், மகள் தொட்டிலில். என் இடுப்புக்காக வாங்கிய மெத்தையில் கணவர் தனியாக, கையையும் காலையும் விரித்துக்கொண்டு.

"நல்லாத் தூக்கம் வருதுங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மனசுதான் கேக்கல," என்றார். "ஆனா தூக்கம் வருது."

எனக்கு இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. நேற்று அவளைத் தூக்கச் சுவரைத் தேடினேன்.

எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். "பெரிய மெத்தையத் தூக்கி ஓரமா வெச்சுட்டு எல்லாரும் கீழ படுங்க," என்கிறார் அம்மா. எதிர் வீட்டு ஆண்ட்டி நாற்பது வருடமாகப் புனேயில் இருக்கிற தமிழர். மெத்தையை மராத்தியில் காதி என்றுதான் சொல்வார். "அரே, எதுக்கு இவ்ளோ டென்ஷன் எடுத்துக்கறே? காதி திருப்பிக் குடு. மார்க்கெட்ல காதிவாலா இருக்கான், பஞ்சு அடிச்சு ஏக்தம் கல்லாட்டம் கட்டியா பண்ணித் தருவான். எல்லாரும் சேர்ந்து படுங்கோ," என்கிறார். சேர்ந்து படுப்பதே தப்பு என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அந்த டாக்டரும் நடுவுல படுத்துதான் வளந்திருப்பான்," என்றார். கணவரிடம் கேட்டால், "நீ சொல்றதுதான்," என்கிறார். அதைக் கேட்டால்தான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

தொட்டிலின் ஒரு பக்கக் கம்பியைக் கழற்றிக் கட்டிலோடு ஒட்டிப் போடலாமா என்று அளந்து பார்த்தோம். மெத்தை உயரம், தொட்டில் முக்கால் அடி கீழே போகிறது. நடுவில் இடைவெளியும் விழுகிறது. அந்த இடைவெளியைப் பார்த்ததும் கணவரே வேண்டாம் என்றுவிட்டார்.

சோதனைக் காலம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. மெத்தையைத் திருப்பிக் கொடுத்துக் கெட்டியாக ஒன்று வாங்கினால், மகள் தனியாகப் படுக்கப் பழகிய பிறகு எனக்கு மறுபடி பலகைதான். வைத்துக்கொண்டால், அவள் பழகும் வரை நான் தரையில். அதற்குள் என் இடுப்பு எந்த நிலைக்குப் போகுமோ தெரியாது. களைத்துப்போன ஒரு நாளில், இன்றைக்கு ஒரு நாள்தானே என்று அவளைத் தூக்கி நடுவில் போட்டுக்கொண்டு விடுவேனோ என்பதுதான் உண்மையான பயம். பக்கத்திலேயே அப்படியொரு மெத்தை இருக்கும்போது, நான் என்னை நம்பலாமா?

இதைப் படிப்பவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் குழந்தை தன் இடத்தில் தனியாகத் தூங்க எத்தனை நாள் ஆனது, அந்த நாட்களில் நீங்கள் எங்கே, எதில் படுத்தீர்கள், உங்கள் முதுகு என்ன ஆனது என்று தயவுசெய்து எழுதுங்கள். தாய்க்கே தெரியும் என்று மட்டும் எழுத வேண்டாம். எனக்குத் தெரியவில்லை. மெத்தையைத் திருப்பிக் கொடுக்கட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா?