மூன்று மணி பஸ்ஸுக்கு ஒரு கோயில் மணி

கோயில்பிள்ளை வேலை பார்த்தவன் ஊரில் நல்ல பெயர் எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. காலை மணியை ஐந்து நிமிஷம் முந்தி அடித்தால் தூக்கத்தைக் கெடுத்த பாவி. பிந்தி அடித்தால் தூங்குமூஞ்சி. சரியாக அடித்தாலோ, அடித்ததையே ஒருத்தரும் கவனிப்பதில்லை. கோயில் மணி, ஆலைச் சங்கு, பள்ளிக்கூடத்துத் தண்டவாளத் துண்டு என்று எதையாவது ஒலிக்கவைத்துச் சோறு தின்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும். நாமெல்லாம் ஒரே கட்சி.

இடுக்கியைத் தனி ஜில்லாவாகப் பிரித்துச் சில வருஷம் ஆகியிருந்தது அப்போது. எங்களுடையது தேயிலைத் தோட்டத்து வேதக்கோயில். சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கூட்டுவது, பூட்டுவது, மணியடிப்பது என் வேலை. இதுபோக, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வருகிற குடும்பங்களை லயத்து வரிசை வீடுகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் தலையில் விழுந்தது. அதற்கு என்னை யாரும் நியமிக்கவில்லை. கோயில் மேட்டில் குடியிருந்தேன், வருகிறவர்கள் என் வாசலில் வந்து மூட்டையை இறக்கினார்கள், அவ்வளவுதான்.

திரும்பிப் போன குடும்பம்

மழை மாதங்களில் எங்கள் மலைக்கு மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிடும். முதலில் எதிர்மலை காணாமல் போகும். பிறகு ஃபேக்டரிப் புகைக்குழாய், பிறகு பக்கத்து மரம், கடைசியில் நீட்டின கை. அதற்குள் நின்றால் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். யாரோ பேசுவது கேட்கும், ஆள் இருக்காது. ஆள் தெரிவான், பேச்சு வராது. எனக்கு அது பிடிக்கும். வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது பாருங்கள்.

மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்குகிற புது ஆட்களுக்குத்தான் அது பிடிக்காது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு ஒன்றரை மைல் ஏற்றம். பாதி வழியில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் திரும்பினால் நாங்கள். வலது பக்கம் போனால் ஓடைப் பள்ளம், அதைத் தாண்டினால் காடு. ஒருநாள் ஒரு குடும்பம் வலது பக்கம் போய், ஒரே மலையைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் இறங்கின இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஐந்து மணிக்குக் கீழே திரும்புகிற அதே பஸ்ஸில் ஏறி ஊருக்கே போய்விட்டார்கள். நாங்கள் இங்கே கஞ்சி காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், மறுநாளிலிருந்து பஸ் ஹாரன் கேட்டதும் மணியடிக்க ஆரம்பித்தேன். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மஞ்சுக்குள்ளிருந்து முதலில் ஒரு மூட்டை வரும், அடியில் ஒரு தலை வரும், அப்புறம் முழு ஆள் வருவார். ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த முதல் வீட்டுச் செல்லத்தாயி சொன்னாள்: "ஏ கோயில்பிள்ள, நீரு பூசைக்கு அடிக்கையிலகூட இம்புட்டு வெரசா ஒருத்தரும் ஏறி வந்ததில்ல."

ஐந்து பாத்திரம்

ஆனி மாதத்தில் இடுப்பில் கைப்பிள்ளையோடு தனியாக ஏறி வந்தாள் அந்தோணியம்மா. சாத்தான்குளத்துக்கு அப்பால் செம்மண் தேரி அவளுக்கு ஊர். புருஷன் பனை ஏறுகிறவர். பதநீர் இறக்குவது ஆடியோடுதான் ஓயும், அதுவரை அவரால் வர முடியாது. தோட்டத்திலோ இப்போதே ஆள் எடுக்கிறார்கள், விட்டால் வீடு கிடைக்காது. "நீ முன்னால போ, நான் பின்னால வாரேன்" என்று அனுப்பியிருக்கிறார். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவள் முக்காட்டை விலக்கி வானத்தைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஏதோ கைதவறிக் கொட்டிப்போவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். மழைக்காலத்தில் ஈரவிறகு லேசில் பற்றாது. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு வீட்டுக்கு ஒரு கங்கு என்று தகர மூடியில் வாங்கிக்கொண்டுபோய் அவர்கள் அடுப்பில் போட்டு ஊதிக் கொடுப்போம். அன்றைக்கும் எட்டு வீட்டுக் கங்கோடு போனேன். செல்லத்தாயி அரிசியோடு வந்தாள். அடுப்பு பிடித்துக்கொண்டது. பாத்திரம் மட்டும் ஒன்றுகூடக் காலியாக இல்லை. கொண்டுவந்த ஐந்தையும், பிள்ளைக்குப் பாலூட்டுகிற சங்கு உட்பட, கூரை இறவாணத்துக்கு அடியில் வரிசையாக வைத்து மழைத்தண்ணீர் பிடித்து, நிரப்பி, உள்ளே கொண்டுவந்து மூடி வைத்திருக்கிறாள்.

"ஒண்ணைக் கீழ ஊத்து தாயீ, சோறு வைக்கணும்லா" என்றாள் செல்லத்தாயி. அந்தோணியம்மா பானைகளுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள். ஐப்பசி வரைக்கும் இப்படித்தான் கொட்டும் என்று நான் சத்தியம் பண்ணியும் அவள் நம்பவில்லை. "நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. இதை ஊத்திட்டு நாளைக்கு மழை இல்லாட்டா, பிள்ளைக்கு யாரு தண்ணி தருவா?"

பெயர் சொல்லாதவள்

மறுநாள் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீஸ் கிளார்க் கோட்டயத்துப் பக்கத்து மனிதர். குடையைக் கையிலிருந்து கீழே வைத்து நான் பார்த்ததில்லை. தோட்டத்துச் சட்டம் ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் வேலை என்பது. பெண் கொழுந்து கிள்ள வேண்டும், ஆண் செடியைக் கழித்துக் கவாத்து வெட்ட வேண்டும். அவள் பெயரை எழுதினார். புருஷன் பெயர் கேட்டார். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். மறுபடி கேட்டார். மறுபடி முந்தானை. கட்டினவன் பேரைப் பெண்டாட்டி வாய்விட்டுச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் ஊர் நம்பிக்கை. அதுவும் பனை உச்சியில் நிற்கிற மனுஷனாச்சே என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

"பேரில்லாத்த ஆளை ஞான் எங்ஙனெ எழுதும்?" என்று கிளார்க் பேனாவை மூடப் போனார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நம்ம கோயிலில் சுரூபமாக நிற்கிற புனிதர்களில் அவர் பேருள்ளவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டேன். அவள் முகம் தெளிந்தது. "சாத்தானைக் கால்ல போட்டு மிதிச்சுக்கிட்டு ஈட்டியோட நிக்காவள்லா, அவிய" என்றாள். மிக்கேல் என்று நான் சொன்னேன். கிளார்க் எழுதிக்கொண்டே சொன்னார்: "பிசாசை மிதிக்குன்ன ஆளாணெங்கில் சீக்கிரம் வரச் சொல்லு, கேட்டோ. ஒரு மாசம் நோக்கும். வந்நில்லெங்கில் வீடு வேற ஆளுக்கு."

கைப்பிடிக் கொழுந்து

புதுக்கைக்குக் கொழுந்து சீக்கிரத்தில் பழகாது. விரல் வெந்துபோகும், கூடை நிறையாது. பக்கத்து நிரையில் நிற்கிற பெண்கள் போகிற போக்கில் ஆளுக்கு ஒரு கைப்பிடி அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருத்தியும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். மஞ்சுக்குள் யார் போட்டது என்றும் தெரியாது. ஒருநாள் அந்தோணியம்மா என்னிடம் வந்து, இந்த மலையில் கூடை தானாக நிறைகிறதே அண்ணாச்சி, ஏதும் காத்துக்கருப்பு வேலையா என்று ரகசியமாகக் கேட்டாள். மூன்றாம் வாரம் அவளே இன்னொரு புதுக் கூடையில் கைப்பிடி போட்டதை நான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மஞ்சுதான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பஸ் நேரத்துக்கு மட்டும் எப்படியாவது கோயில் மேட்டுக்கு வந்துவிடுவாள். நான் மணியடிப்பேன், அவள் பிள்ளையோடு பக்கத்தில் நின்று வெள்ளை வெளியைப் பார்ப்பாள். மூட்டை வரும், தலை வரும், வேறு யாரோ வருவார். பிள்ளையின் தலையை ஒரு தடவு தடவிவிட்டுத் திரும்பிப் போவாள். பனைநார் திரித்த கை அவளுடையது. முதல் வாரத்திலேயே நைந்துபோன என் மணிக்கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். மாற்றிவிடலாம், மாற்றிவிடலாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். மணி இருபதடி உயரத்தில் தொங்குகிறது, ஏணிக்கு இரண்டு படி கிடையாது, எனக்கோ உடம்பு வளையாது. "இந்தக் கயித்தை நம்பியா அண்ணாச்சி எங்க வீட்டுல உள்ளவியளை வரச் சொல்லியிருக்கேன்?" என்றாள்.

பதினாறு கூடை

மாதம் ஒன்று முடிந்தது. ஆள் வரவில்லை, கடுதாசியும் இல்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆபீசிலிருந்து உத்தரவு. காலி பண்ணினால் வேலையும் போச்சு. ஊரில் இருந்த ஓலைக்குடிசையைப் பிரித்து விற்றுத்தான் பஸ் ஏறியிருக்கிறாள், போய் நிற்க இடம் கிடையாது. நான் பேசுகிறேன் என்று கிளம்பினேன். செல்லத்தாயி என்னைத் தடுத்துவிட்டாள். "நீரு போனா பிரசங்கம் வைப்பீரு. நாங்க நிக்கோம், அவ பேசட்டும்."

மறுநாள் காலையில் பதினாறு பெண்கள் காலிக்கூடையோடு ஆபீஸ் முற்றத்தில் போய் நின்றார்கள். கோஷம் இல்லை, பேச்சு இல்லை. கிளார்க் கதவைத் திறந்தால் மஞ்சுக்குள் கூடைகள் மட்டும் மிதக்கின்றன. அந்தோணியம்மா முன்னால் வந்தாள். "ஐயா, ஆடி கழியாம பனையை விட்டு இறங்க முடியாது. அவிய சொன்னா வருவாவ. அதுவரைக்கும் ரெண்டாள் வேலையை நான் பாக்கேன், இவளுவ கூட நிப்பாளுவ. வீட்டை மட்டும் எடுத்துராதிய." கிளார்க் குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். பிறகு சொன்னார்: "ஆடி கழியட்டே. அதினு மேலெ ஒரு திவசம் இல்லா."

மணி அடிக்காத நாள்

ஆடி கடைசி நாள். ஐந்து மணிக்குச் சாவி வேண்டும் என்று கிளார்க்கே ஏறி வந்துவிட்டார். அந்தோணியம்மா மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கோயில் மேட்டுக்கு வந்து நின்றாள். அன்றைக்குப் போல மஞ்சு நான் கண்டதில்லை. கீழே ஹாரன் கேட்டது. கயிற்றை இழுத்தேன். முழுக்கயிறும் அறுந்து என் தலையிலேயே விழுந்தது. மணி மேலே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சரி, இன்றைக்கும் யாரோ எவரோதானே வரப்போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தபால்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார். "எனக்கு முன்னால ஒரு ஆளு, இடுப்புல அருவாப்பெட்டி கட்டி வெறுவெறுன்னு ஏறுனாரே. இன்னும் வந்து சேரலையா?" என்றார். அருவாப்பெட்டி கட்டுவது பனை ஏறுகிறவர்கள்தான். அப்படியென்றால் அவர் வலது பக்கம் திரும்பிவிட்டார். அங்கே பள்ளம். பள்ளத்துக்குத் தப்பினாலும் கீழே ஐந்து மணி பஸ் நிற்கிறது.

பெண்கள் தட்டைத் தட்டி "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டார்கள். அந்த மலையில் எல்லா ஆம்பளையும் அண்ணன்தான், நாலு திசையிலிருந்தும் பதில் வந்தது. நான் "மிக்கேலே" என்று கத்தினேன். எங்கள் லயத்து மிக்கேல் ஒருத்தன் வீட்டுக்குள்ளிருந்து "என்னா?" என்றான். கவாத்துக் காட்டிலிருந்து இன்னொரு மிக்கேல் "வாரேன்" என்றான். பள்ளத்துப் பக்கம் சத்தமே இல்லை. அந்தோணியம்மா பிள்ளையைச் செல்லத்தாயி கையில் கொடுத்தாள். மேட்டு விளிம்பில் போய் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "மிக்கேலு" என்றாள். அது அவளுக்கே கேட்டிருக்காது. அடுத்தது அடிவயிற்றிலிருந்து வந்தது. "ஏ மிக்கேலு. மிக்கேலு. இங்கன வா மிக்கேலு." மலை அதை வாங்கி ஒவ்வொரு மடிப்பிலும் வைத்துத் திரும்பச் சொன்னது. பெண்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கிளார்க்கும் குடையைக் கீழே வைத்துவிட்டார். எவ்வளவு நேரம் கூப்பிட்டாளோ, எனக்குக் கனவு மாதிரி இருக்கிறது.

மஞ்சுக்குள் முதலில் அருவாப்பெட்டி தெரிந்தது. பிறகு சேறு அப்பின முழங்கால், பிறகு ஆள். ஓடி வந்திருக்கிறார், நெஞ்சு இரைக்கிறது. அந்தோணியம்மா மறுபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து அழுதாள். கிளார்க் அவரை மேலும் கீழும் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சாவியைக் கேட்காமலே குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நானும் ஆம்பளைக் குரலில் தொண்டை கிழியக் கூப்பிட்டேனே, அதுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். மிக்கேல் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க கூப்பிட்டதும் கேட்டுது அண்ணாச்சி, இந்த ஊர்ல எவனோ ஒரு மிக்கேலுன்னு நெனச்சேன். பொறவு கேட்டது அவ குரலு. அவ செத்தாலும் என் பேரைச் சொல்லமாட்டாளே, என்ன ஆச்சோன்னு பயந்துதான் ஓடியாந்தேன்."

மறுநாள் மிக்கேல் ஏறிக் கட்டிக்கொடுத்த பனைநார்க் கயிற்றில் நான் எத்தனையோ வருஷம் மணியடித்தேன் என்றாலும், கோயில்பிள்ளையாக நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால், பழைய கயிற்றை மாற்றாமல் சோம்பேறியாக இருந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.