துரியோதனனைக் கொல்ல ஒரு மனு

அடி அண்ணாமலை கிராமத்து மணிவேல் இருபத்திரண்டு வருஷமாக, வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் செத்துவந்தவர். இந்த வருஷம்தான் அவரைச் சாக விடவில்லை.

மற்ற நாட்களில் கிரிவலப் பாதையில் கரும்புச் சாறு பிழிவார். பாரதத் திருவிழா வந்துவிட்டால் துரியோதனன். வேஷம் உள்ளே ஊறிப்போய், சாறு கேட்பவரைக்கூட ராஜ அதட்டல் அதட்டித்தான் கொடுப்பார்.

பத்து ராத்திரி கூத்து நடக்கும். பதினோராம் நாள் காலையில் படுகளம். மண்ணால் துரியோதனனைப் பெரிதாகப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் கதையால் அதன் தொடையில் அடிப்பான், உள்ளே புதைத்த குங்குமத் தண்ணீர் தெறிக்கும், மணிவேல் விழுவார், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். அப்போதுதான் ஊருக்குக் கட்டிய காப்பு அவிழும். அதுவரை ஊரில் கல்யாணம் கூடாது. மணிவேலின் ஒரே மகள் மதிவதனிக்கோ அடுத்த வெள்ளிக்கிழமை பத்தரைக்கு முகூர்த்தம்.

படுகளத்துக்கு முதல் நாள், கூத்துக்குப் பணம் தருகிற அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. சிக்கன நடவடிக்கையாம், கடைசி நாளுக்கு நிதி கிடையாதாம். போன் போட்டுக் கேட்டால், கலை நிதியைக் கவனிக்கிற அதிகாரி யோசனை வேறு சொன்னார். "கர்ணன் சாவற ராத்திரியே இவரையும் சேத்து முடிச்சிடுங்க. ரெண்டு சாவுக்கு எதுக்குங்க ரெண்டு நாளு?"

கர்ணன் அதற்குள் செத்துப்போயிருந்தான். பாரதத்திலேயே மிச்சம் பிடிக்கப் பார்த்த மூளையை என்னவென்று சொல்வது!

படுகளம் நின்றது. ஊர்ப் பெரியதனம் வேடியப்பன் மணிவேலுக்காக மனு எழுதினார்: 'துரியோதனனாகிய என்னை வெள்ளிக்கிழமைக்குள் பீமன் கொல்வதற்கு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மணிவேல் கிரீடமும் புஜக்கட்டையுமாக டவுன் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அரசாங்கத்தின் கண்ணில் விழவேண்டும் என்று அந்த வேஷம். நன்றாகவே விழுந்தது. கொலை என்று எழுதியிருந்ததால் மனு நேராகப் போலீசுக்குப் போனது.

புதன்கிழமை எஸ்.ஐ. வந்தார்.

"உன்னைக் கொல்றேன்னு சொன்னது யாருய்யா?"

"பீமன்தான் சார். வருஷா வருஷம் அவர்தான் கொல்றாரு."

"வருஷா வருஷமா? பேரு, ஊரு சொல்லு."

"சக்கரவர்த்தி. கீழ்பென்னாத்தூரு."

எத்தனை விளக்கியும் பயனில்லை. சக்கரவர்த்தியை ஸ்டேஷனுக்கு அழைத்து, துரியோதனன் என்கிற மணிவேல் மீது கதையை ஓங்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன் மாமா" என்று போனில் அழுதான் சக்கரவர்த்தி. "மீறினா என் சொசைட்டி வேலை போயிடும்."

இத்தனைக்கும் ஊர் சும்மா இருக்கவில்லை. அரசு தராவிட்டால் போகட்டும் என்று வீட்டுக்கு ஒரு கூடை மண் கொண்டுவந்து கொட்டி, முன்னெப்போதையும்விட நீளமான துரியோதனனைப் படுக்கவைத்துவிட்டது. கூத்துக்காரர்கள் டீயும் பொங்கலும் போதும் என்றார்கள். எல்லாம் தயார். கொல்லத்தான் ஆள் இல்லை. போலீஸ் என்றதும் வீரமான வாலிபர்களுக்கெல்லாம் வேறு வேலை வந்துவிட்டது.

"ஊருல அவனவன் சுளுவா சாவறான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி கஸ்தூரி. "இந்த மனுஷன் சாவறதுக்கு மட்டும் ஆயிரம் தடை."

வெள்ளிக்கிழமை காலை ஏழரை. மேளம் அடித்து அடித்து ஓய்ந்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் போளூரிலிருந்து புறப்பட்டுவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதிவதனி வந்தாள். ஒரு கண்ணுக்குத்தான் மை வைத்திருந்தது. ஜடை பாதி பின்னியபடி தொங்க, பின்னாலேயே அலங்காரம் செய்கிற பெண் சீப்போடு ஓடிவந்தாள்.

"பீமன்தானே அடிக்கக் கூடாது?" என்றாள் மதிவதனி.

வேடியப்பன் யோசித்தார். "உன்னைப் பத்தி அதுல ஒண்ணும் எழுதலம்மா."

அவள் கதையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் எதிரே போய் நின்றாள். "அப்பா, சீக்கிரம் செத்துடுங்க. பத்தரைக்கு முகூர்த்தம்."

பீமனிடம் முழங்குவதற்கென்று மணிவேலுக்கு நீளமான வசனம் ஒன்று உண்டு. அன்று அதில் ஒரு சொல்கூட வரவில்லை. ஒரு வாரமாகச் சாவதற்கு அலைந்த அலைச்சலில் அவர் ஒன்றை நினைக்கவே மறந்திருந்தார். விழுந்தால் மகள் போய்விடுவாள். சாயங்காலம் வீட்டில் அந்தக் குரல் இருக்காது. முகத்துச் சாயம் கண்ணோரம் கரைந்தது.

"ஒரே ஒரு நிமிஷம் இரும்மா" என்றார், சாவதற்கு மனுப் போட்டவர்.

அவள் இருந்தாள். ஊரும் இருந்தது. பிறகு மதிவதனி உதட்டைக் கடித்துக்கொண்டு மண் தொடையில் அடித்தாள். சிவப்புத் தண்ணீர் தெறித்தது. மணிவேல் விழுந்தார்.

பாஞ்சாலி கூந்தலை முடிந்தாள். பக்கத்திலேயே சீப்புக்காரப் பெண் மதிவதனியின் ஜடையை விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள். துரியோதனன் மட்டும் மண்ணில் முகம் புதைத்தபடி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.