மாப்பிள்ளை காரின் பின்பம்பர்

பம்பரைக் கழற்றி மாட்டுவது அரைநாள் வேலை. பக்கத்தில் நின்று கார்க்காரர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது இன்னொரு அரைநாள் வேலை. ஸ்பேனர் பிடித்துக் கை காய்த்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்களில் நான் கள்ளக்குறிச்சியில் மெக்கானிக். எங்கு பார்த்தாலும் மறியல். கார் பட்டறைக்கு வராது; நான்தான் சைக்கிளில் டூல்ஸ் பையோடு வீடு தேடிப் போவேன்.

மரம் வரவில்லை

கல்வராயன் மலையடிவாரத்தில் ராமலிங்கம் என்றொரு விவசாயி ஒருநாள் அவசரமாக ஆள் அனுப்பினார். மறுநாள் சாயங்காலம் அவர் மகளுக்கு மாப்பிள்ளை அழைப்பு. திருக்கோவிலூரிலிருந்து மாப்பிள்ளையைக் காரில்தான் அழைத்து வருவேன் என்று நிச்சயத்தன்றே சபையில் சொல்லிவிட்டார். வாடகைக் கார் ஒன்றும் மறியலுக்குப் பயந்து வரவில்லை. இருந்தது அவருடைய பழைய அம்பாசிடர் ஒன்றுதான்.

அன்று காலை, ரோட்டில் வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தைத் தாம்புக்கயிற்றால் பின்பம்பரில் கட்டி இழுத்திருக்கிறார். மரம் அசையவில்லை, பம்பர் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. "அடியில் இருக்கும் இரும்புச் சட்டம், சேஸில் கட்டக் கூடாதா?" என்றேன்.

"குனிஞ்சா இன்னா ஆப்டுதோ அதுலதானங்க கட்டுவோம்!" என்றார்.

கட்டில் கணக்கு

நட்டெல்லாம் துரு. மண்ணெண்ணெய்த் துணி சுற்றி, சாப்பிட்டு வந்து திருகினேன், அசைந்து கொடுத்தது. பம்பர் வண்டியில் கோடு இழுக்காமல் இருக்கக் கீழே சாக்கை விரித்து, ஒரு முனையை ராமலிங்கத்தின் மனைவியைப் பிடிக்கச் சொல்லி இறக்கினேன். வளைந்த பட்டையைக் கருங்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன்.

மாட்டும்போதுதான் மெத்தனம். இடது பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டேன். வலது பக்க ஓட்டை ஒரு விரல் தள்ளி நின்றது. மறுபடி எல்லாவற்றையும் தளர்த்தி, நாலு நட்டையும் கையால் ஏற்றி, அப்புறம் மாற்றி மாற்றி இறுக்கினேன். பாரம் தாங்கி நின்ற அந்த அம்மா சொன்னார்:

"எங்க வூட்டுக்காரரும் கட்டிலு பூட்டறப்போ இதே தப்பைத்தாங்க பண்ணாரு."

ஆறு பேர், ஒரு பம்பர்

மறுநாள் "நீங்களும் ஏறுங்க" என்று ராமலிங்கம் என்னையும் கூட்டிப் போனார். மாப்பிள்ளையோடு திரும்பும்போது மெயின் ரோட்டில் மறியல். வயல் வழியாக விட்டார். பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. பொழுது சாய்கிறது, பட்டு வேட்டியில் மாப்பிள்ளை உள்ளே. ராமலிங்கத்துக்கு முகமே செத்துவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது.

மறியலில் இருந்த ஆறு பேர் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் பிடித்தது பம்பரைத்தான்! "தாராளமா தூக்குங்க, நான் பூட்டினது" என்றேன். கண் மட்டும் நட்டு மேலேயே இருந்தது. ஒரே மூச்சில் வண்டி மேலே வந்தது. பம்பர் இம்மியும் நகரவில்லை. ராமலிங்கம் ஆறு பேரையும் கையைப் பிடித்துச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒருவர் இடுப்பைப் பிடித்தபடி சொன்னார்:

"பம்பரு கெட்டியாத்தாங்க கீது. மாப்பிள்ளைய எறக்கி வுட்டுட்டுத் தூக்கியிருந்தா எங்க இடுப்பும் கெட்டியா இருந்திருக்கும்."

அன்று முதல் பந்தியில் பம்பரைத் தூக்கியவர்கள் உட்கார்ந்தார்கள். அதைப் பூட்டியவனுக்கு இரண்டாம் பந்தியில்தான் இலை விழுந்தது.