எந்த எண்ணை அழுத்தினாலும் நான்தான்

கோ-ஒர்க்கிங் இடம் நடத்துவது என்றால், ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நாற்காலி கொடுத்துவிட்டு நாம் நின்றுகொண்டே இருப்பது என்று அர்த்தம். ஃபோன் எடுத்து எடுத்தே காது பழுத்த சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிளஸ் டூ எழுதிவிட்டுச் சும்மா கிடந்த என்னைப் பிடித்து ரிசப்ஷனில் நிறுத்தியவள் என் அக்கா ஸ்டெல்லா. பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்து, தூத்துக்குடி பீச் ரோடு பக்கம் ஒரு மாடியைப் பிடித்து, மேசை, வைஃபை, ஏ.சி. எல்லாம் போட்டு, ஆபீஸ் இல்லாதவர்கள் வந்து வேலை பார்க்கலாம் என்று திறந்திருந்தாள். கீழே கட்டடக்காரர் பால்துரை அண்ணாச்சியின் கயிறு, வலைக் கடை. மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்குள் பத்து நாற்காலியாவது நிரம்பாவிட்டால் மாடியைக் கயிறு குடோனாக்கிவிடுவேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படி ஆனால் அக்கா மறுபடியும் பெங்களூர். எனக்கு வீட்டில் வம்பிழுக்க ஆளே கிடையாது. அதனால்தான் இத்தனை பாவமும் செய்தேன்.

ஏரலுக்கு எண்பது

நான் சேர்ந்த இரண்டாம் நாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கீழே குட்டியானை வண்டி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. “நாள் வாடகைக்கு நாற்காலி குடுக்கியளாமே? மவளுக்குக் கல்யாணம். எண்பது வேணும். ஏரலுக்குக் கொண்டு போகணும்” என்றார். நான் முகத்தைத் துளிகூட மாற்றாமல் நோட்டை எடுத்து, “கை வச்சதா, கை வைக்காததா அண்ணாச்சி?” என்று கேட்டேன். “மாப்பிள்ளை வீட்டுக்குக் கை வச்சது, நமக்கு எதுவானாலும் சரி” என்றார். பந்திக்கு மேசை எத்தனை என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்து என் காதைத் திருகினாள்.

பாவம், அவரை உட்காரவைத்து, இது என்ன தொழில் என்று பத்து நிமிடம் விளக்கினாள். அவர் சுழல் நாற்காலியில் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “வீட்டுலயும் நாற்காலி கெடக்கு, ஆபீஸ்லயும் கெடக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுல துட்டு குடுத்து உக்காருத பயலுவ நம்ம ஊர்ல எத்தன பேரும்மா இருப்பான்?”

ஹோல்டு மியூசிக்

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்போது எங்களிடம் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். ‘பெரிய இடம்’ என்ற தோரணை இருந்தால்தான் கூட்டம் வரும் என்று எனக்குப் பட்டது. அடுத்த ஃபோன் வந்ததும், பதிவு செய்த குரல் போலவே ஒரே சுருதியில், “வணக்கம். இருக்கை முன்பதிவுக்கு எண் ஒன்றை அழுத்தவும். கணக்குப் பிரிவுக்கு எண் இரண்டை அழுத்தவும். மேனேஜரிடம் பேச எண் மூன்றை அழுத்தவும்” என்றேன். அழுத்தினார்கள்! எந்த எண் என்று எனக்குச் சத்தத்தில் தெரியாது. அதனால் எதை அழுத்தினாலும் முதலில் வருவது ‘பிரியதர்ஷினி’, தேன் குரல். அவள் மாற்றிக்கொடுத்தால் கணக்குப் பிரிவு மேடம், எங்கள் கணக்கு மிஸ்ஸின் அதே மூக்கடைப்போடு. கடைசியாக மேனேஜர்.

மேனேஜர் குரலுக்கு நான் எங்கும் அலையவில்லை. கீழே இருந்த பால்துரை அண்ணாச்சியையே எடுத்துக்கொண்டேன். தொண்டையை இரண்டு தடவை செருமி, “அது வந்து பாத்தியன்னா” என்று ஆரம்பித்து, நடுவில் வெற்றிலையை ஒதுக்கக் கொஞ்சம் இடம் விட்டால் போதும். ஒருமுறை அவர் கடை ஃபோனை நான் எடுத்துவிட, அவர் வீட்டு ஆச்சியே ஏமாந்து மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டார். நெத்திலி என்றேன். வைத்துவிட்டார்.

குரல் மாற்றும் இடைவெளியில் பாட்டு வேண்டுமே, அதையும் நானே மூக்கால் முனகினேன். ஒரு நாள் நெடுநேரம் காத்திருந்த ஒருவர், பிரியதர்ஷினி திரும்பி வந்ததும் சொன்னார்: “ஏம்மா, உங்க ஹோல்டு மியூசிக்குக்கு இருமல் புடிச்சிருக்கு, கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க.”

கண்ணாடிப் பெட்டி

ஃபோன் பேசுவதற்கென்று அக்கா ஒரு கண்ணாடி அறை போட்டிருந்தாள். உள்ளே பேசினால் வெளியே கேட்காது. வேம்பாரிலிருந்து வந்த உப்பு வியாபாரி ஒருவர் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார் பாருங்கள், மேசையில் டம்ளர் நகர்ந்தது. “ஏலே, லோடு ஏத்தியாச்சாலே? தார்ப்பாயப் போடுலே!” உப்பளத்தின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கூப்பிடுகிற குரல் அது.

அந்த நேரம் பக்கத்து மேசையில் கப்பல் என்ஜினியர் ஒருவர் லேப்டாப்பில் இண்டர்வியூ கொடுத்துக்கொண்டிருந்தார். திரையில் இருந்த மும்பைக்காரர், இவர் இப்போதே என்ஜின் ரூமில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, இந்த இரைச்சலிலும் பதறாமல் பதில் சொல்கிறாரே என்று அங்கேயே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார். கப்பல் ஏறும்வரை மாதம் முழுக்க வருகிறேன் என்று என்ஜினியர் சீட்டு எடுத்தார். உப்புக்காரரும் எடுத்தார். ஆக மொத்தம் நான்கு. அக்கா அவரிடம் தயங்கித் தயங்கி, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்றாள். அவர் முகம் வாடிப்போனது: “உள்ள பேசுனா சத்தம் வெளிய போவாதுன்னு நீங்கதானம்மா சொன்னிய, பெறவு வேம்பாருக்கு எப்பிடிக் கேக்கும்?”

மேனேஜருக்கு ஓர் உடம்பு

கொடியேற்றத்துக்கு ஐந்து நாள் இருந்தது. சென்னையிலிருந்து வித்யா மேடம் என்பவர் அடிக்கடி ஃபோன் செய்துகொண்டிருந்தார். அவர் கம்பெனியில் தூத்துக்குடிப் பிள்ளைகள் ஆறு பேர், ஊரிலிருந்தே வேலை பார்க்க ஓர் இடம் தேடுகிறார். நாலும் ஆறும் பத்து! நான் மேனேஜராக அவரிடம் உருகி உருகிப் பேசினேன். அவர் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றதும் தினமும் விசாரித்தேன். கடைசியில் ஒரு நாள், “நாளைக்குக் காலையில நேர்ல வர்றேன். உங்க மேனேஜரைப் பார்த்துட்டு அங்கேயே சைன் பண்ணிடுறேன்” என்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, “குரலு குடுத்துட்ட, சரி. இப்பம் அவருக்கு உடம்பு எங்கனளா வாங்குவ?” என்றாள்.

மேனேஜர் துக்க வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்வதாக முடிவு செய்தோம். காலையில் மேடம் ஆட்டோவிலிருந்து இறங்கினார். நான் மாடிப்படியில் நின்றேன். கீழே அண்ணாச்சி ஆளை விரட்டிக்கொண்டிருந்தார்: “அது வந்து பாத்தியன்னாலே, கயித்த ஈரத்துல போடாதன்னு எத்தன மட்டம் சொல்லுதது?” மேடம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நேராகக் கடைக்குள் போனார். “மேனேஜர் சார்! வாய்ஸ் கேட்டதுமே தெரிஞ்சிடுச்சு. எங்க அம்மா முழங்கால் வலியைத் தினமும் விசாரிக்கிறீங்களே, அவங்ககிட்ட உங்களைப் பத்திச் சொல்லாத நாளே இல்ல சார்.”

அண்ணாச்சி மேடத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நெத்திலிக் குழம்பு உட்பட எல்லாம் அவருக்கு அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது என்று அவர் மீசையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். மாடி போயிற்று, அக்காவும் போனாள் என்று கண்ணை மூடினேன். செருமல் கேட்டது, இரண்டு தடவை. “அது வந்து பாத்தியன்னா... அம்மைக்கு முட்டுவலி இப்பம் எப்பிடி இருக்கு?”

அவரே மாடியைச் சுற்றிக் காட்டினார். தெரியாததற்கெல்லாம் “அதை இந்தப் பிள்ளையள் பாத்துக்கிடும்” என்றார். மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் நான் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “நாப்பது வருசமா கயிறு விக்கேன், ஒருத்தராவது என்னைய ‘சார்’னு கூப்பிட்டிருப்பாவளாளா?”

அசல்

கொடி ஏறியது, கயிறு மாடி ஏறவில்லை. மறுநாளிலிருந்து அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டையோடு தினமும் பத்து மணிக்கு மாடிக்கு வந்துவிடுகிறார். ஃபோனை இனி அவர்தான் எடுப்பாராம். முதல் வாரமே வித்யா மேடம் பேசினார். அண்ணாச்சி ஆசையாக எடுத்து, சொந்தக் குரலில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் சுருங்கியது. குரல் சரியில்லையே, மேனேஜர் சாரிடம் கொடுங்கள் என்று மேடம் சொல்லிவிட்டாராம். இரண்டு தடவை செருமிக் காட்டியும் அவர் நம்பவில்லை. அண்ணாச்சி ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்: “ஏளா, இங்கன வா, என்னையக் கேக்காவ.”

இன்றைக்கு எங்கள் மாடியில் நாற்காலி எல்லாம் நிரம்பிவிட்டது. உட்கார இடமில்லாமல் நிற்பவர்கள் பிரியதர்ஷினி, கணக்குப் பிரிவு மேடம், மேனேஜர், நான் என்று மொத்தம் நான்கே பேர்தான்.